பென்சில் ஓவியமும் கட்புலக் கலைகளில் அதன் இடமும்

பென்சில் ஓவியம் என்பது காரீயக் குச்சியைக் கொண்டு தாளின் மீது வரையப்படும் ஓவியமாகும். கட்புலக் கலைகளுள் மிகக் குறைந்த செலவிலும் மிகக் குறைந்த கருவிகளுடனும் செய்யக்கூடியது இது. பள்ளிக்குச் செல்லும் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளின் பையிலும் இதற்கான கருவி இருக்கிறது. இந்த எளிமையே இக்கலையின் மதிப்பை இரண்டு வகையில் குறைத்துவிட்டது. வண்ண ஓவியத்துக்கு முந்தைய பயிற்சி, அல்லது முன்வரைவு என்று மட்டுமே அதைக் கருதுவது ஒன்று. தனிக்கலையாக ஏற்றுக்கொள்ளும்போதும், ஒளிப்படத்தை அப்படியே நகலெடுக்கும் திறமைதான் அதன் உச்சம் என்று எண்ணுவது மற்றொன்று. இவ்விரு கருத்துகளும் எவ்வளவு பொருந்தும் என்பதைப் பென்சிலின் வரலாற்றைக் கொண்டும் சில ஓவியர்களின் படைப்புகளைக் கொண்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் பொருளும்

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடமேற்கே உள்ள போரோடேல் பள்ளத்தாக்கில் மிகத் தூய காரீயப் படிவு கண்டறியப்பட்டது. அப்பகுதி மக்கள் அதை ஆடுகளுக்கு அடையாளமிடப் பயன்படுத்தினர். கருமையாகவும் மென்மையாகவும் இருந்ததால் அது ஈயத்தின் ஒரு வகை என்று நம்பப்பட்டது. 1779இல் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே அது கார்பனின் ஒரு வடிவமே என்று காட்டினார். 1789இல் ஆபிரகாம் வெர்னர் 'எழுது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் 'கிராபைட்' என்று பெயரிட்டார். பழைய பிழை தமிழிலும் தங்கிவிட்டது. 'காரீயம்' என்னும் சொல் ஈய உலோகத்தையும் குறிக்கிறது. பென்சிலுக்குள் இருக்கும் கருங்குச்சியையும் குறிக்கிறது. உண்மையில் பென்சிலில் ஈயம் இல்லை.

பிரான்சும் பிரிட்டனும் போரில் இருந்த காலத்தில் ஆங்கிலேயக் காரீயம் பிரான்சுக்கு வருவது தடைப்பட்டது. அப்போது நிக்கோலா ஷாக் கோந்தே என்பவர் காரீயத் தூளைக் களிமண்ணுடன் கலந்து சூளையில் சுடும் முறையைக் கண்டார். அவர் 1795இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் குச்சி கடினமாகி வெளிர் கோடு தரும். காரீயம் கூடினால் மென்மையாகிக் கருங்கோடு தரும். இன்று கடைகளில் கிடைக்கும் 2எச், எச்பி, 2பி, 6பி ஆகிய வகைகள் எல்லாம் இந்தக் கலவை அளவின் வேறுபாடுகளே.

இலங்கையும் இக்கதையில் இடம்பெறுகிறது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கும் நரம்புக் காரீயம் தூய்மைக்குப் பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி உலோகம் உருக்கும் மூசைகளுக்காகவும் பென்சில்களுக்காகவும் அது கப்பலேறியது.

கருவியின் இயல்பு

காரீயத்தில் கார்பன் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அடுக்குகளுக்கு இடையிலான பிணைப்பு வலுவற்றது. தாளின் மீது குச்சி உராயும்போது இந்த அடுக்குகள் வழுக்கிக் கழன்று, தாளின் நுண்ணிய மேடுபள்ளங்களில் சிக்கிக்கொள்கின்றன. ஆகவே பென்சில் கோடு தாளுக்குள் ஊறுவதில்லை. அதன் மேல் தங்குகிறது. மைக்கோட்டுக்கும் பென்சில் கோட்டுக்கும் அடிப்படை வேறுபாடு இதுதான்.

இதிலிருந்து சில விளைவுகள் பிறக்கின்றன. பென்சில் கோடு கையின் அழுத்தத்துக்கு ஏற்ப மாறும். ஒரே கோடு மெல்லத் தொடங்கி, நடுவில் கறுத்து, காற்றில் கரைவதுபோல முடியலாம். அதை அழிக்கவும் முடியும். 1770 அளவில் இங்கிலாந்தில் ரப்பர் விற்பனைக்கு வருமுன் ரொட்டித் துணுக்கால் அழித்தனர். எனினும் அழித்த கோட்டின் தடம் பெரும்பாலும் தாளில் எஞ்சும். ஓவியர் எங்கே தயங்கினார், எங்கே மனம் மாற்றினார் என்பதைக் காண்பவர் பின்தொடரலாம். எண்ணெய் வண்ண ஓவியத்தில் மேற்பூச்சுக்குள் மறைந்துவிடும் செய்தி இது.

குறைகளும் உள்ளன. காரீயம் எவ்வளவு அழுத்தினாலும் முழுக் கருமையை எட்டாது. அழுத்த அழுத்த அதன் மேற்பரப்பு உலோகம்போல மினுங்கி, கருமையைக் குறைத்துக் காட்டும். கரித்துண்டு தரும் ஆழ்ந்த இருளைப் பென்சில் தருவதில்லை. கூரிய முனையால் பெரிய பரப்பை நிரப்புவதும் கடினம். எனவே பென்சில் ஓவியம் இயல்பாகவே சிறிய தாளுக்கும், அருகில் நின்று பார்க்கும் கண்ணுக்கும் உரியதாகிறது.

முன்வரைவு என்னும் நிலை

வரைதலைத் தாழ்வாகக் கருதும் வழக்கம் எப்போதும் இருந்ததில்லை. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஜார்ஜோ வசாரி, ஓவியம், சிற்பம், கட்டடக்கலை மூன்றுக்கும் வரைவே பொதுத் தந்தை என்று வாதிட்டார். 1563இல் புளோரன்சில் அவருடைய முயற்சியால் தோன்றிய கலைக்கழகம் வரைவின் பெயரையே தாங்கியது. வெனிசு ஓவியர்கள் வண்ணத்துக்கு முதலிடம் தந்தனர். கோடா வண்ணமா என்னும் இவ்வழக்கு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நீடித்தது.

ஆனால் இந்தப் புகழிலும் ஒரு சிக்கல் இருந்தது. தந்தை என்று போற்றப்பட்டது வரைவு என்னும் கருத்து. தாளில் இருந்த வரைபடம் வேலைக்கூடத்துப் பொருளாகவே கருதப்பட்டது. பணம் கொடுத்தவர் வாங்கிச் சென்றது சுவரோவியத்தையும் பலகை ஓவியத்தையும்தான். விதிவிலக்குகள் உண்டு. ஆல்பிரெக்ட் டியூரர் 1484இல் தம் 13ஆம் வயதில் வெள்ளி முனையால் வரைந்த தன்னுருவப் படம் இன்றும் வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் உள்ளது. அழிக்கவே முடியாத வெள்ளிக் கோட்டில் ஒரு சிறுவன் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைந்திருக்கிறான். அதை எதற்கும் முன்வரைவு என்று சொல்ல இயலாது.

தமிழில் இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. நெடுநல்வாடை தலைவனைப் பிரிந்து அணிகளைக் களைந்திருக்கும் அரசியைப் 'புனையா ஓவியம்' என்பதற்கு ஒப்பிடுகிறது. வண்ணம் தீட்டாமல் கோட்டினால் மட்டும் எழுதிய ஓவியம் என்று இதற்கு உரைகாரர் பொருள் கொண்டனர். இச்சொல்லில் ஓர் இழப்பு இருக்கிறது; வண்ணம் வர வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. அதேவேளை, அணி நீங்கியபின் எஞ்சும் வடிவம் தானே கண்ணை நிறுத்தும் என்னும் ஒப்புதலும் இருக்கிறது. பென்சில் ஓவியத்தைப் பற்றிய விவாதம் முழுவதும் இவ்விரு பொருள்களுக்கும் இடையில்தான் நடக்கிறது.

ஆங்கரின் முரண்

பிரெஞ்சு ஓவியர் ழான் ஓகுஸ்த் தொமினிக் ஆங்கர் (1780–1867) இம்முரணைத் தம் வாழ்விலேயே அனுபவித்தவர். அரசின் பரிசு பெற்று 1806இல் ரோமுக்குச் சென்ற அவர், பெரிய வரலாற்று ஓவியங்களால் அழியாப் புகழ் பெற விரும்பினார். 1815இல் நெப்போலியன் வீழ்ந்ததும் ரோமில் இருந்த பிரெஞ்சு அதிகாரிகள் நாடு திரும்பினர். ஆங்கருக்கு வேலை தர ஆளில்லாமல் போயிற்று. ரோமுக்கு வந்த சுற்றுலாப் பயணிகளை, குறிப்பாக ஆங்கிலேயரை, பென்சிலில் வரைந்து கொடுத்து அவர் பிழைத்தார். சிறிய உருவப்படங்கள் வரைபவர் வீடு இதுவா என்று கேட்டு வந்த ஒருவரிடம், இங்கே வசிப்பவர் ஓர் ஓவியர் என்று சினந்து சொல்லிக் கதவை அடைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது.

கதை எவ்வாறாயினும், அவர் மனநிலை அதுவே. ஆனால் அவருடைய நானூறுக்கும் மேற்பட்ட பென்சில் உருவப்படங்களே இன்று அவர் படைப்புகளில் மிகவும் விரும்பிப் பார்க்கப்படுபவற்றுள் அடங்குகின்றன. 1819இல் வரைந்த வயலின் கலைஞர் பகானினியின் படம் இதற்குச் சான்று. வழுவழுப்பான வெள்ளைத் தாள்; கூராகச் சீவிய பென்சில். முகத்தில் மெல்லிய நிழல் நுட்பமாகப் படர்ந்திருக்கிறது. கழுத்துக்குக் கீழே வரவர நிழல் குறைந்து, உடை சில விரைந்த கோடுகளாக மட்டும் நிற்கிறது. முகத்துக்குக் கொடுத்த நேரத்தை அவர் கோட்டுக்குக் கொடுக்கவில்லை.

இது சோம்பல் ஆகாது. எதை முழுமையாகச் சொல்வது, எதைக் குறிப்பாக விடுவது என்ற தேர்வு இது. ஒரு மனிதரை எதிரே சந்திக்கும்போது நம் கண் அவர் முகத்திலேயே தங்கும். உடையைப் போகிறபோக்கில் பார்க்கும். ஆங்கரின் பென்சில் அந்தப் பார்வையைத் தாளில் நிகழ்த்துகிறது. வெற்றுத் தாளே அங்கு துணியாகவும் வெளிச்சமாகவும் பொருள்படுகிறது. அவருடைய பெரிய எண்ணெய் ஓவியங்களில் ஒவ்வோர் அங்குலமும் ஒரே கவனத்துடன் நிரப்பப்பட்டிருப்பதால் இந்த மூச்சுவிடும் இடம் கிடைப்பதில்லை.

மென்செலும் வான் கோவும்

ஜெர்மானிய ஓவியர் அடால்ஃப் மென்செல் (1815–1905) பிரஷ்ய அரசர் பிரெடெரிக்கின் புகழைப் பாடும் ஓவியங்களால் அறியப்பட்டவர். ஆயினும் அவர் எங்கும் பென்சிலுடன் திரிந்தவர். பெர்லின் அருங்காட்சியகத்தில் மட்டும் அவருடைய வரைபடங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. 1866இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையே போர் நடந்தபோது அவர் போர்ப்பகுதிக்குச் சென்று, வைக்கோலில் கிடத்தப்பட்டிருந்த இறந்த வீரர்களைப் பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்தார். அவற்றில் வெற்றி முழக்கம் இல்லை. திறந்த வாயும் விறைத்த விரல்களும் இருக்கின்றன. அரண்மனைக்கு வரைந்த தூரிகை சொல்லாததைச் சட்டைப்பையில் இருந்த பென்சில் சொல்லியது. உடனே எடுத்து உடனே வரையக்கூடிய கருவி என்பதால் பென்சிலுக்குச் சாட்சியாகும் ஆற்றல் உண்டு.

வின்சென்ட் வான் கோ தம் கலையைத் தொடங்கியது வரைதலில்தான். 1882இல் ஹேக் நகரில் அவர் தச்சர்கள் மரத்தில் குறியிடும் தடித்த பென்சிலைப் பயன்படுத்தினார். காரீயத்தின் மினுமினுப்பை அடக்கவும் அது கலையாமல் இருக்கவும் படத்தின் மீது பாலைப் பூசினார். அவ்வாண்டு நவம்பரில் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த ஒரு கிழவரை மாதிரியாக வைத்து, நாற்காலியில் அமர்ந்து இரு முட்டிகளிலும் முகத்தைப் புதைத்திருக்கும் உருவத்தை வரைந்தார். 1890இல், தாம் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, அதே உருவத்தை எண்ணெய் வண்ணத்தில் மீண்டும் தீட்டினார்.

முன்வரைவு, முழு ஓவியம் என்ற வரிசைப்படி பார்த்தால் இரண்டாவதே நிறைவானது. உலகெங்கும் அறியப்பட்டதும் அதுவே. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு ஐயம் எழும். வண்ண ஓவியத்தில் கிழவரின் நீல உடை முதலில் கண்ணைப் பிடித்து ஒரு மனநிலையைத் தந்துவிடுகிறது. பென்சில் படத்தில் அத்தகைய துணை எதுவும் இல்லை. கால்சட்டையின் மடிப்பு, தேய்ந்த காலணி, வழுக்கைத் தலை ஆகியவற்றைக் கண் ஒவ்வொன்றாகக் கடந்துதான் துயரத்தை அடைய வேண்டியிருக்கிறது. ஒன்றை மற்றொன்றின் ஒத்திகை என்பதைவிட, ஒரே செய்தியின் இரண்டு தனி ஓவியங்கள் என்பதே பொருத்தம்.

20ஆம் நூற்றாண்டில் பென்சில்

1953இல் அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரவுஷன்பர்க், புகழ்பெற்ற ஓவியர் வில்லம் டி கூனிங்கிடம் ஒரு வரைபடம் கேட்டார். அதை அழிப்பதற்காகவே கேட்டார். டி கூனிங் எளிதில் அழிக்க முடியாத ஒன்றாகப் பார்த்துக் கொடுத்தார். பல நாள் உழைத்து அழித்த பிறகு எஞ்சிய வெறுந்தாளை ரவுஷன்பர்க் சட்டமிட்டுத் தம் படைப்பாக வைத்தார். இதைக் குறும்பு என்று தள்ளுவோர் உண்டு. ஆனால் அழித்தலும் வரைதலின் ஒரு பகுதியே என்பதை இதைவிடக் கடுமையாக எவரும் காட்டவில்லை.

ஆக்னஸ் மார்ட்டின் 1960களில் ஆறடிச் சதுரத் திரைத்துணிகளில் பென்சில் கோடுகளால் கட்டங்கள் இட்டார். சிறிய தாளுக்கு உரியது என்ற பென்சிலின் எல்லையை அவர் மீறினார். தொலைவிலிருந்து மூடுபனிபோலத் தெரியும் பரப்பு, அருகில் சென்றால் கையின் சிறு நடுக்கங்கள் கொண்ட கோடுகளாகப் பிரிகிறது.

இந்தியாவில் இவ்வழியில் தனித்து நின்றவர் நஸ்ரீன் மொகமதி (1937–1990). கராச்சியில் பிறந்து, லண்டனில் பயின்று, 1972 முதல் பரோடா பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அவருடைய முதிர்ந்த படைப்புகளில் உருவமோ வண்ணமோ கிடையாது. மையாலும் பென்சிலாலும் வரைகருவிகளைக் கொண்டு இட்ட நேர்க்கோடுகள் மட்டுமே உள்ளன. அவை நெருங்கியும் விலகியும் வெளியையும் வேகத்தையும் உணர்த்துகின்றன. உடலியக்கத்தைப் பாதிக்கும் நோய் முற்றிய காலத்திலும் அக்கோடுகளின் துல்லியம் குறையவில்லை. 2016இல் நியூயார்க்கின் மெட் பிரூயர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது தொடக்கக் கண்காட்சிகளுள் ஒன்று அவருடையது. கோட்டை மட்டும் நம்பியவருக்கு அந்த ஏற்பு அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்தே இந்த அளவில் கிடைத்தது.

தமிழ்ச் சூழல்

தமிழ் வாசகர்கள் கோட்டோவியத்தை மிக நன்றாக அறிந்தவர்கள். ஆனால் அவர்கள் அறிந்தது பெரும்பாலும் மைக்கோடு. சிற்பி ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தலைப்பில் வரைந்த கோயிற் சிற்பங்களும், கோபுலுவின் நகைச்சுவைப் படங்களும், காந்தி நூற்றாண்டான 1969இல் ஆதிமூலம் வரைந்த காந்தி வரிசையும் தமிழரின் கண்ணைப் பழக்கின.

பென்சில் இங்கு பின்தங்கியதற்கு அச்சுமுறையும் ஒரு காரணமாகும். பழைய எழுத்தச்சு முறையில் கோட்டுப் படங்களுக்கான பிளாக்கில் கறுப்பு, வெள்ளை இரண்டு மட்டுமே பதியும். இடைப்பட்ட சாம்பல் நிறம் வேண்டுமெனில் புள்ளிகளாகப் பிரிக்கும் ஆஃப்டோன் பிளாக் தேவை. அதற்குச் செலவும் கூடும், மலிவான தாளில் அது கலங்கியும் போகும். பென்சிலின் உயிரே அந்தச் சாம்பல் நிறத்தில் இருப்பதால், ஓவியர்கள் பென்சிலில் அமைத்துக்கொண்டு, மேலே மையிட்டு, அடியிலிருந்த பென்சிலை ரப்பரால் அழித்துவிட்டுப் படத்தை அச்சுக்கு அனுப்புவது வழக்கமாயிற்று. இவ்வாறு பென்சில் இங்கு உண்மையிலேயே மறைந்துபோகும் முன்வரைவாக இருந்தது.

கல்வியிலும் இதே நிலைதான். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, பின்னாளில் கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. கைவினைத் தொழில்களுக்கு உதவும் திறனாகவே அங்கு தொடக்கத்தில் வரைதல் கற்பிக்கப்பட்டது. பள்ளி ஓவிய வகுப்பிலும் அரசு தொழில்நுட்பத் தேர்விலும் வெளிக்கோட்டின் தூய்மைக்கே இன்றும் முதன்மை. தூய்மை நல்லதே. ஆனால் தேடிய கோடுகளையெல்லாம் அழித்துவிட்டு ஒரே கோட்டை மட்டும் விடச் சொல்லும்போது, மாணவர் பார்த்த விதமும் சேர்ந்து அழிந்துவிடுகிறது.

ஒளிப்படம் என்னும் அளவுகோல்

இன்று இளைஞரிடையே பென்சில் ஓவியம் முன்னெப்போதையும்விடப் பரவியுள்ளது. சமூக ஊடகங்களில் நடிகர்களின் முகங்களும், சுருக்கம் விழுந்த முதியவர்களின் முகங்களும், கண்ணில் திரண்ட நீர்த்துளிகளும் வியக்கத்தக்க நுட்பத்துடன் வரையப்பட்டு வெளியாகின்றன. 'போட்டோ மாதிரியே இருக்கிறது' என்பதே அவற்றுக்குக் கிடைக்கும் உயர்ந்த பாராட்டு.

இம்முறை பெரும்பாலும் ஒன்றே. ஒளிப்படத்தின் மீது சதுரக் கட்டங்கள் இட்டு, தாளிலும் அவ்வாறே இட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெயர்த்தெழுதி, பின் பஞ்சுக்குச்சியாலும் மெல்லிய தாளாலும் தேய்த்து நிழலை வழுவழுப்பாக்குவது. இதில் பொறுமையும் நிழல்தரங்களைப் பிரித்தறியும் கண்ணும் வளர்கின்றன. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தமிழக ஊர்களில், இறந்துபோன தாய் தந்தையரின் மங்கிய சிறு ஒளிப்படத்தைக் கொண்டு மாலை போடும் அளவுக்குப் பெரிய படம் வரைந்து தந்த ஓவியர்கள் இருந்தனர். ஒரே ஒரு படம் மட்டும் எஞ்சிய குடும்பத்துக்கு அங்கே வேண்டியது சாயல். அதைத் தந்தவர் ஒரு தேவையை நிறைவேற்றினார்.

எனினும் அதையே கலையின் உச்சம் என்பது பிழை. முப்பரிமாணத்தைத் தட்டையாக்குவதும், எங்கிருந்து பார்ப்பது, எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வதும் வரைதலின் கடினமான பகுதிகள். அவற்றைக் கேமரா முன்பே செய்து முடித்துவிடுகிறது. எஞ்சுவது பெயர்த்தெழுதல். ஆங்கர் கோட்டை விட்டுவிட்டு முகத்தில் தங்கியதுபோன்ற தேர்வுக்கு இங்கு இடமில்லை. எல்லாக் கட்டங்களும் சமம். தேய்த்து மெழுகிய பரப்பில் தாளின் சொரசொரப்பும் கோட்டின் திசையும் மறைந்துபோகின்றன. பென்சிலால் வரைந்ததற்கான அடையாளத்தை மறைப்பதே பென்சில் ஓவியத்தின் வெற்றி என்று ஆகிவிடுகிறது.

ஒளிப்படத்தைப் பார்த்து வரைவதே குற்றம் என்பது இதன் பொருளன்று. விஜா செல்மின்ஸ் 1968 முதல் கலிபோர்னியாவில் தாமே எடுத்த கடல் ஒளிப்படங்களைப் பார்த்துப் பென்சிலில் கடற்பரப்புகளை வரைந்தார். அவற்றில் கரை இல்லை, தொடுவானம் இல்லை, கண் தங்குவதற்கு ஒரு மையமும் இல்லை. கணத்தில் எடுத்த படத்தை அவர் நெடுநாள் உழைப்பாக மாற்றினார். பார்ப்பவர் வியப்பது ஒப்புமையை மட்டுமன்று. ஒவ்வோர் அலையின் மீதும் ஒரு கை கடந்து சென்றிருக்கிறது என்ற காலத்தை. ஒளிப்படத்திலிருந்து புறப்பட்டு வேறெங்கோ சேர்வதற்கும், ஒளிப்படத்துக்கே திரும்புவதற்கும் உள்ள வேறுபாடு இது.

காட்சிப்படுத்தலும் மதிப்பும்

பென்சில் ஓவியத்தின் நிலைக்கு நடைமுறைக் காரணமும் உண்டு. காரீயம் ஒளியால் மங்குவதில்லை; அதைத் தாங்கும் தாள் மங்குகிறது. அமிலம் கலந்த மலிவுத் தாள் சில ஆண்டுகளில் பழுத்து நொறுங்கும். அதனால் அருங்காட்சியகங்கள் தாள் ஓவியங்களைக் குறைந்த வெளிச்சத்தில் குறுகிய காலமே காட்டி, பின் பெட்டிகளில் வைத்துவிடுகின்றன. எண்ணெய் ஓவியம் ஆண்டு முழுதும் சுவரில் தொங்குகிறது. வரைபடம் இருட்டில் உறங்குகிறது. எப்போதும் கண்ணில் படுவதே பெரிய கலை என்ற எண்ணம் பொதுமக்களிடம் வளர்வது இயல்பு. விலையிலும் இவ்வேறுபாடு எதிரொலிக்கிறது.

மதிப்பீடு

பென்சில் ஓவியத்தை வண்ண ஓவியத்துக்கு மேலே வைக்க வேண்டியதில்லை. ஆழ்ந்த இருள், பரந்த அளவு, வண்ணத்தின் உணர்ச்சி ஆகியவை அதனிடம் இல்லை. அதனிடம் இருப்பவை வேறு: கையின் அழுத்தத்தை அப்படியே ஏற்கும் கோடு, தயக்கத்தையும் திருத்தத்தையும் மறைக்காத தாள், சொல்லாமல் விட்ட இடத்தையும் பேசவைக்கும் வெறுமை, எந்த இடத்திலும் உடனே தொடங்கக்கூடிய எளிமை. மேலே கண்ட ஓவியர்கள் இவற்றைக் கொண்டே சாதித்தனர். 

ஆகவே ஒரு பென்சில் ஓவியத்தைப் பார்க்கும் மாணவர், அது எதைப் போல இருக்கிறது என்பதோடு நிற்காமல் வேறு சில கேள்விகளையும் கேட்கலாம். ஓவியர் எதை விட்டிருக்கிறார்? கோடு எங்கே அழுந்துகிறது, எங்கே தளர்கிறது? வெற்றுத் தாள் படத்தில் என்ன வேலை செய்கிறது? அழித்த தடம் தெரிகிறதா? இக்கேள்விகளுக்கு விடை தரும் படம், அளவில் உள்ளங்கையளவே ஆனாலும், முழு ஓவியமே. சமையலறையில் இருக்கும் செம்பை நேரில் பார்த்து ஒரு மாணவர் வரையும் படத்தில் வாய்வட்டம் கோணலாக இருக்கலாம். அதைத் திருத்த அவர் மூன்று முறை முயன்ற கோடுகள் அருகிலேயே கிடக்கலாம். ரப்பரை எடுக்கும் முன் அந்த மூன்று கோடுகளையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. அவர் கண் கற்றுக்கொண்டது அங்கேதான் பதிவாகியிருக்கிறது.